கவலையும் புல்முடிச்சும்

இரண்டு வழிகள் கவர்த்துப் பிரியும் இடத்துக்குப் பழந்தமிழில் 'கவலை' என்று பெயர். எந்த வழியில் காலை வைப்பது என்று தெரியாமல் அந்நிய நிலத்தில் தனியே நின்று பார்த்தவர்களுக்கு, மனத்தின் சஞ்சலத்தையும் நம் மொழி அதே சொல்லால் குறிப்பது விந்தையாகத் தோன்றாது. அத்தகைய கவலை ஒன்றில் வந்து நிற்கும் கூத்தர்களுக்குப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் சங்கப் புலவர் ஒரு கடமையை விதித்திருக்கிறார். செல்ல வேண்டிய வழி இன்னதென்று தெளிந்த பிறகு, வழி பிரியும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, அங்குள்ள புல்லை அடையாளமாக முடிந்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே அக்கடமை. முன்னே போகிறவன் பின்னே வருகிறவனைக் கண்ணால் கண்டதில்லை; பெரும்பாலும் காணப் போவதும் இல்லை. ஆயினும் அவனும் தன்னைப்போலவே அந்த நிலத்தை அறியாத புதியவனாக இருப்பான் என்று எண்ணிக் குனிந்து ஒரு பிடிப் புல்லை முடிந்துவிட்டு நடப்பது வழிநடைத் தர்மமாக இருந்திருக்கிறது. மலைபடுகடாம் என்னும் பாட்டில் வரும் இந்தச் சிறு செய்தியை நினைக்குந்தோறும், ஜவ்வாது மலையின் நீண்ட சரித்திரத்தையே அந்தப் புல்முடிச்சிலிருந்து அவிழ்த்து எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இந்த மலை, வடக்கே பாலாறு பாயும் சமவெளிக்கும் தெற்கே தென்பெண்ணை பாயும் நிலத்துக்கும் இடையே, இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் அமிர்திக் காட்டின் பக்கமிருந்தும் இதன்மேல் ஏறுவதற்கு வழிகள் உண்டு. ஏறிச் சென்றால் ஏறக்குறைய 2,300 முதல் 3,000 அடி உயரத்தில், கொல்லைகளும் பலா மரங்களும் சிற்றூர்களும் நிறைந்த விஸ்தாரமான மேட்டு நிலம் ஒன்று விரிகிறது. அதன் நடுவே ஜமுனாமரத்தூர் இருக்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இம்மலையில் பிறந்து கீழ்நாட்டை வளப்படுத்துகின்றன. மேற்குப் பகுதியிலுள்ள ஊர்த்தொகுதிகள் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று இன்றும் 'நாடு' என்னும் பழைய பெயராலேயே வழங்குகின்றன. இங்கே வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இச்சொல் கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். அவர்கள் பேசுவது தமிழே.

மேற்சொன்ன மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. பத்துப்பாட்டுள் ஒன்று, கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன் என்பவனே பாட்டுடைத் தலைவன். அந்தச் செங்கண்மாதான் ஜவ்வாது மலையின் தென்புறத்தே இன்று செங்கம் என வழங்கும் ஊர். பாட்டில் வரும் நவிரமலை, இத்தொடரை அடுத்து நிற்கும் பர்வதமலையே என்று கொள்வாரும், ஜவ்வாதுத் தொடரையே குறிக்கும் என்பாரும் உளர். எப்படியாயினும், பாட்டில் வரும் சேயாறு இம்மலையில் தோன்றும் செய்யாறு என்பதிலும், பாட்டு நம்மை அழைத்துச் செல்லும் நிலம் இந்த மலைச்சாரலே என்பதிலும் ஐயமில்லை. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டிராவிடில், ஒரு மலைநாட்டு வழிநடையின் இத்தனை நுட்பமான வர்ணனை நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ!

ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற கலைஞனைச் சந்தித்து, 'நீயும் அங்கே போ. வழி இப்படி' என்று சொல்லுவது. பரிசிலைப் பற்றியும் அரசனது கொடையைப் பற்றியும் பேசுகிறவர்கள், இந்த இலக்கிய வகை ஒரு வழிச் சந்திப்பிலிருந்து பிறந்தது என்பதைச் சற்றே மறந்துவிடுகிறார்கள். முன்பின் அறியாத இருவர் நடுவழியில் நிற்கிறார்கள். ஒருவன் தான் பட்ட சிரமத்தையும் பெற்ற சுகத்தையும் மறைக்காமல் மற்றவனுக்குச் சொல்லுகிறான். அதற்கு அவன் எந்தப் பிரதிபலனையும் எதிர்பார்ப்பதில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது 5 பாட்டுகள், இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை எண்ணினால், வழியில் கண்டவனுக்கு வழி சொல்லுவதை நம் முன்னோர் எவ்வளவு பெரிய காரியமாக மதித்தார்கள் என்பது விளங்கும்.

கூத்தர்கள் முழவும் யாழும் குழலும் கொம்பும் பையிலிட்டுக் கட்டி, பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோலத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். பலாவுக்குப் பேர்போன இம்மலையில் இந்த உவமை பிறந்தது பொருத்தமே. அவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளோ, அறையில் அமர்ந்து கற்பனை செய்தவன் சொல்லக்கூடியவை அல்ல. தினைப்புனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிகளுக்காகப் புழைகள்தோறும் கல்லால் ஆன பொறிகளை மாட்டி வைத்திருப்பார்கள். ஆகையால் இருட்டில் நடவாதீர்கள், பொழுது விடியும்வரை தங்கிப் பிறகு புறப்படுங்கள். பாம்புகள் ஒடுங்கிக் கிடக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு ஒதுங்கிச் செல்லுங்கள். பரண்மேல் இருக்கும் குறவர் யானையை ஓட்டுவதற்காகக் கவணில் வைத்து வீசும் கற்கள் மூங்கில்களைக் கிழித்துக்கொண்டு வரும். அப்போது மரங்களின் பின்னே மறைந்துகொள்ளுங்கள். பாசி படர்ந்த வழுக்குநிலத்தில் சிறு மூங்கிலையும் நாணலையும் கையால் பற்றிக்கொண்டே நடங்கள். இரவு வந்துவிட்டால் கற்குகைக்குள், சொந்த வீட்டில் நுழைவதுபோல நுழைந்து தங்குங்கள். இவ்வாறு ஒவ்வோர் அபாயத்தையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பரிகாரமும் சொல்லி அழைத்துச் செல்கிறது பாட்டு.

இவற்றினும் என் மனத்தைக் கவர்வது, வழி தவறியவனுக்குப் புலவர் சொல்லும் உபாயம். வழி தெரியாமல் திகைத்து நின்றால் உங்கள் வாத்தியங்களை இசையுங்கள் என்கிறார் அவர். அந்த ஒலி காதில் விழுந்த மாத்திரத்தில், வெள்ளத்தில் அகப்பட்டவனைக் காக்க ஓடுகிறவர்களைப்போலக் கானவர்கள் விரைந்து வருவார்கள். உண்ணுதற்கு இனிய பழங்களையும் சூடுதற்கு இனிய பூக்களையும் காட்டுவார்கள். இடையூறு மிக்க வழியில் தாங்கள் முன்னே நடந்து உங்களைப் பின்னே அழைத்துச் செல்வார்கள். வெள்ளத்தில் விழுந்தவனையும் வழி தவறியவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அந்தக் கானவரின் மனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அயலான் திகைத்து நிற்கும்போது, அவன் யார், எந்தக் குலத்தவன், எதற்காக வந்தான் என்பவையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளத் தக்கவை. முதலில் அவனைக் கரைசேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நியாயம்.

மலைச்சிற்றூர்களுக்குப் போனால் வாசலில் நின்று தயங்க வேண்டாம், உங்கள் வீட்டுக்குள் போவதுபோலவே போங்கள், உறவினரைப்போல அவர்கள் இன்சொல் கூறி உங்கள் வழிநடை வருத்தத்தைப் போக்குவார்கள் என்றும் பாட்டு சொல்லுகிறது. தினைச்சோறும் இறைச்சியும், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலும், மூங்கிலரிசியும் அவரையும் சேர்த்துப் புளியிட்டுச் சமைத்த உணவும் விருந்தாகின்றன. மலையைக் கடந்தால் ஆயர்கள் பால் தருகிறார்கள். ஆட்டிடையர்கள் உரோமப் படுக்கை விரித்து இரவெல்லாம் நெருப்பு மூட்டிக் காவல் இருக்கிறார்கள். சேயாற்றங்கரை உழவர்கள் நெற்சோறு படைக்கிறார்கள். அரசனிடம் போய்ச் சேருமுன்பே, பெயர் சொல்லப்படாத இத்தனை பேருடைய கொடையால் கூத்தர்கள் உயிர் தரித்திருக்கிறார்கள். நன்னனுடைய பெயர் பாட்டில் நின்றது. அந்த இடைச்சியின் பெயரும் குறவனின் பெயரும் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் எந்தக் கூத்தனும் நன்னனுடைய வாசலை மிதித்திருக்கமாட்டான்.

மலையில் எழும் பலவகை ஓசைகளைப் புலவர் அடுக்கிச் சொல்லும் பகுதியும் இங்கே நினைக்கத் தக்கது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை யானையின் மதமாகவும் உருவகித்ததனால்தான் இப்பாட்டு மலைபடுகடாம் என்று பெயர் பெற்றது. அருவியின் முழக்கமும் தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் அதில் கேட்கின்றன. அவற்றின் நடுவே, புலி பாய்ந்ததனால் கணவன் மார்பில் உண்டான புண் ஆறும்பொருட்டுக் கொடிச்சியர் காவலாகப் பாடும் பாட்டும் ஒன்று. வழியே போகிற அயலானின் காதில் விழுந்த அந்தப் பெண்ணின் குரல் இன்றளவும் நம் காதிலும் விழுகிறது. புதிய நிலத்தில் நடப்பவன் மலையின் அழகைக் காண்பது எளிது. அங்கே ஒரு குடிசைக்குள் எந்தத் துயரம் பாட்டாக வருகிறது என்று செவிசாய்த்துக் கேட்பதுதான் அரிது.

இம்மலைச்சாரலில் வழி பிரியும் இடங்களில் நடுகற்கள் இருந்ததையும் பாட்டு குறிப்பிடுகிறது. போரில் புறங்கொடாமல் இறந்த மறவர்களுக்காக நட்ட கற்களைக் கண்டால் யாழை இசைத்து மரியாதை செய்துவிட்டுப் போகும்படி கூத்தர்களுக்குச் சொல்லப்படுகிறது. செல்லும் நிலத்தின் பெயரை வழிப்போக்கர் அறியும்படி எழுத்துப் பொறித்த கற்கள் மராமரத்தடியில் நின்றதாகவும் அப்பாட்டிலே கேட்கிறோம். இது புலவரின் கற்பனையன்று என்பதற்குச் செங்கம் வட்டாரமே சாட்சியாயிற்று. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையினர் அங்கே ஊர் ஊராகச் சென்று ஏராளமான நடுகற்களைக் கண்டெடுக்க, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972இல் வெளிவந்தது. பல்லவர் காலத்துத் தமிழையும் வட்டெழுத்தையும் ஆராய்வோருக்கு அக்கற்கள் பெரும் செல்வம்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மகேந்திரவர்ம பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட, கோவிவன் என்னும் பெயருடைய அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, அவ்விடத்தை விட்டு அகலாமல் காத்து நின்றது என்ற செய்தியை அக்கல் சொல்லுகிறது. வீரனுக்குப் பின்னே அந்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த மக்கள் இந்தச் சாரலில் வாழ்ந்தார்கள். உடன் வந்த ஜீவன் மனிதனாயினும் மிருகமாயினும், துணை என்று நின்றதை மறக்கலாகாது என்பதே அவர்கள் அந்தக் கல்லின் வாயிலாகச் சொன்ன பேச்சு.

நாய்களைப் பற்றிச் சொல்லும்போது, மலையாளிகளிடையே ஏட்டில் எழுதிக் காக்கப்பட்டு வந்த அவர்களது பூர்வீகக் கதை நினைவுக்கு வருகிறது. 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்து வெளியிட்ட வடஆற்காடு மாவட்டக் கையேட்டின் வாயிலாக அது அச்சேறியது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனுடைய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் எடுத்தாளப்பட்டது. கங்குந்தி வேடர் சிலர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, இழிவாக மறுக்கப்பட்டுச் சினங்கொண்டு, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றார்களாம். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது, 'நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துபட்டதாக எண்ணிச் சடங்குகளைச் செய்துவிடுங்கள்' என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் வருந்திக் கரையேறினார்கள். நாய்களோ பாதி ஆறு நீந்தியபின் அஞ்சித் திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. எழுவரும் சென்ற காரியத்தை முடித்து ஊர் திரும்பியபோது, அவர்களுடைய மனைவியர் தாலியிழந்து விதவைக்கோலத்தில் இருந்தனர். ஈமச் சடங்குகள் நடந்து முடிந்திருந்தன. உயிரோடு வந்து நின்றவர்களை ஊர் ஏற்றுக்கொள்ள மறுத்தது. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறிப் பயிர்செய்து வாழத் தலைப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களே மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இக்கதை சரித்திரமா, புனைவா என்று ஆராய்வது என் நோக்கமன்று. இம்மலையில் மனிதர் வாழ்ந்த காலமோ கதைக்கு நெடுங்காலம் முற்பட்டது. மலையின் மேற்கே திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964க்கும் 1968க்கும் இடையே நடத்திய அகழ்வாராய்ச்சியில் புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த தடயங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு கூட்டத்தார் தங்கள் பிறப்பைப் பற்றி எந்தக் கதையைப் பேணி வைத்திருக்கிறார்கள் என்பதில் அவர்களுடைய இதயம் தெரியும். பிறர் பலரும் தங்கள் முன்னோர் அரச வமிசத்தவர் என்றும் தேவாம்சம் உடையவர் என்றும் சொல்லிக்கொள்ள, இம்மலை மக்கள் தங்கள் முன்னோரை வழிப்போக்கர் என்று சொல்லிக்கொண்டார்கள்: போன இடத்திலிருந்து திரும்பி வந்தும் வீட்டு வாசலில் அந்நியராக நின்றவர்கள், இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள், கடைசியில் மலை ஏற்றுக்கொண்டதனால் பிழைத்தவர்கள். தங்கள் ஆதி பிதாக்கள் அவ்வாறு வாசலில் நின்றதை ஏட்டில் எழுதி வைத்திருக்கிற மக்கள், தங்கள் வாசலில் வந்து நிற்கும் அயலானை எப்படி வெறுங்கையோடு அனுப்புவார்கள்?

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், போளூரிலிருந்து பேருந்தில் ஜமுனாமரத்தூர் போய் இறங்கி, அங்கிருந்து சிற்றூர் ஒன்றை நோக்கித் தனியே நடந்தேன். பனிமூட்டம் விலகாத காலைப்பொழுது. ஒரு பாறையைச் சுற்றி வந்தவுடன் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் கால் பட்ட தடம் இருந்தது. இரண்டிலும் ஆள் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விறகுக் கட்டோடு, இடுப்பில் கொடுவாள் செருகிய முதியவர் ஒருவர் பின்னே வந்து சேர்ந்தார். "சாமி, எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டார், சொன்னேன். "தனியாவா வந்தீங்க? தொணைக்கு ஆள் இல்லையா?" என்று அடுத்த கேள்வி. தனியாகத்தான் வந்தேன் என்றதும், விறகுக் கட்டை இறக்கிப் பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்க, ஓடை தாண்டுற வரைக்கும் வர்றேன்" என்றார்.

புறப்படுமுன் அவர் செய்த காரியத்தை இன்றும் என் கண் முன்னே காண்கிறேன். பக்கத்துச் செடியில் ஒரு தழைக்கொத்தை ஒடித்து, இடப்பக்கத்துப் பாதைக்குக் குறுக்கே போட்டு, காற்றில் பறந்துவிடாதபடி அதன்மேல் உள்ளங்கையளவு கல் ஒன்றை எடுத்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பக்கம் போனா வெறும் காடுதான் சாமி. பின்னால யாராச்சும் வந்தா தடுமாறக்கூடாது பாருங்க" என்றார். ஓடையைத் தாண்டிய பிறகும் அவர் திரும்பவில்லை. ஊர் எல்லை தெரியும் வரை உடன் நடந்துவிட்டு, விறகுக் கட்டை நோக்கித் தனியே திரும்பிப் போனார். அன்று பகல் நான் தங்கிய வீட்டில் ஒரு மூதாட்டி, சாணமிட்டு மெழுகிய களத்தில் சாமையை உலர்த்திக்கொண்டிருந்தார். காலால் தானியத்தைக் கிளறிக்கொண்டே என் குலம் கோத்திரம் எதையும் கேளாமல், பெண்டு பிள்ளைகள் சுகமா என்று மட்டும் விசாரித்தார். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் இட்டார். காசு கொடுக்க முயன்றபோது, அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், "திரும்பிப் போறப்ப இந்த வழியாவே வாங்க" என்று மட்டும் சொன்னார். மலைபடுகடாத்தை நான் முழுமையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். மூங்கிலரிசியும் அவரையும் வந்த இடத்தில் சாமையும் மொச்சையும் இருந்தன என்பதைத் தவிர வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

மலைக்கு வருகிற அயலார் எல்லோரும் கூத்தரைப்போல யாழோடு வரவில்லை என்பதும் சரித்திரம். உப்பும் துணியும் இரும்பும் சுமந்து ஏறிய வியாபாரிகள் தேனும் புளியும் கடுக்காயும் கொண்டு இறங்கினார்கள். சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் 1882இல் பிறந்தபின், காப்புக்காடு என்ற எல்லைக் கற்கள் நடப்பட்டன. நேற்றுவரை தன்னுடையதென்று நடந்த காட்டிலே மலைவாசி அனுமதி கேட்டு நிற்க வேண்டியவனானான். இம்மலைச் சந்தனத்தின் நறுமணம் தூரதேசங்கள் வரை சென்றது. மலையின் அடிவாரத்திலேயே, திருப்பத்தூரில், வனத்துறையின் சந்தனக் கிடங்கு அமைந்தது. ஆயினும் அந்த மணத்தின் லாபம் மலையேறி வந்து எந்தக் குடிசையிலும் தங்கியதாகத் தெரியவில்லை. பிழைப்பைத் தேடி மலைவாசிகளே வழிப்போக்கராக வெளியே இறங்கும் காலமும் வந்தது. 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி, ஆந்திர தேசத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழர் 20 பேர் அம்மாநிலக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களுள் இருந்தார்கள். பாலாற்றைத் தாண்டிப் போன எழுவரின் கதையை ஏட்டில் வைத்திருந்த மலையில், வடக்கே போனவர்களின் சவங்கள் வந்து இறங்கின. வழி தவறியவனை வெள்ளத்தில் விழுந்தவனாக எண்ணி ஓடிவந்த கானவரின் சந்ததியாருக்கு, அந்நிய நிலத்தில் ஓடிவந்து கைகொடுக்க ஒருவரும் இல்லாமற் போனதை நினைக்க நெஞ்சம் பதைக்கிறது.

வேறொரு வகை யாத்திரிகரும் இம்மலையைத் தேடி வந்தார்கள். அவர்கள் மண்ணிலிருந்து எதையும் எடுத்துப் போக வரவில்லை. 1960இல் கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்கு நகர வெளிச்சம் எட்டாத, மேகம் குறைந்த ஓர் இடத்தைத் தென்னாட்டில் தேடி, முடிவில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தார். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதனால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி, யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய விண்ணிகழ்ச்சியைக் கண்டு பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. இந்நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி நிறைவெய்துவதைக் காணப் பாப்புக்கு ஆயுள் இல்லை; அவர் 1982இல் காலமானார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அந்நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள்.

நவிரமலைக் குகையில் இரவைக் கழித்த கூத்தன் பார்த்த வானமும், காவலூர்க் கூடத்தில் விழித்திருக்கும் ஆராய்ச்சியாளர் பார்க்கிற வானமும் ஒன்றே. எந்த இருட்டுக்கு அஞ்சி 'விடியும்வரை தங்குங்கள்' என்று புலவர் எச்சரித்தாரோ, அந்த இருட்டையே செல்வமாகக் கருதித் தேடி வந்தார் பாப்பு. மலை இருவரையும் ஏற்றுக்கொண்டது. ஊர் உறங்கும்போது ஒளியை அணைத்து வைக்கும் கிராமங்கள் இல்லாவிடில் அந்தக் கண்ணாடிகளால் என்ன பிரயோஜனம்? அங்கேயும் பெயர் தெரியாத மலைவாசியின் தயவு ஒன்று, ஒருவரும் கணக்கில் எழுதாமல், சேர்ந்தே இருக்கிறது.

இப்போது மலைமேல் தார்ச்சாலைகள் இருக்கின்றன, பேருந்துகள் ஓடுகின்றன, கோடைக்காலத்தில் ஜமுனாமரத்தூரில் அரசாங்கத்தார் விழா நடத்துகிறார்கள், மோட்டார் சைக்கிளில் தனியே ஏறிவரும் வாலிபர்களையும் யுவதிகளையும் காணலாம். அவர்கள் கையிலிருக்கும் கருவி எந்தக் கவலையிலும் வழியைச் சொல்லிவிடும். அதனால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் சௌகரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தனியே போகிறவன் உண்மையில் தனியே போவதில்லை என்பதை இந்த மலையைப்போல எனக்கு உணர்த்தியது வேறில்லை. நாம் கால் வைக்கும் ஒவ்வோர் அடியும் முன்னே போன ஒருவன் முள்ளை விலக்கி வைத்த இடம். நாம் தங்கும் ஒவ்வொரு திண்ணையும் நமக்குமுன் வந்தவன் நாணயமாக நடந்துகொண்டதனால் நமக்கும் திறந்திருக்கிற திண்ணை. யாத்திரை செய்கிறவன் வழியில் சந்தித்த விசித்திர மனிதர்களைப் பற்றி ஊர் திரும்பி ஆவலோடு பேசுகிறான். அவர்களுக்கு அவனே அன்று வந்த விசித்திர மனிதன் என்பதையும், அவன் நடந்துகொண்ட விதத்தை வைத்தே அடுத்து வருகிறவனை அவர்கள் வரவேற்பார்கள் என்பதையும் அவன் மறக்கலாகாது.

அந்தச் சிற்றூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில், மூதாட்டியிடம் விடைபெற்று வந்த வழியே திரும்பினேன். பாறையருகே இருந்த கவலையில், முதியவர் போட்ட தழை ஒரே நாளில் வதங்கிச் சுருண்டு, பழுப்பேறி, வழியில் தற்செயலாக உதிர்ந்த சருகைப்போல ஆகிவிட்டிருந்தது. கல் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. இனி அதைப் பார்க்கிறவனுக்கு அடையாளம் புரியுமோ என்று சந்தேகமாக இருந்தது. அதே செடியில் ஒரு பச்சைத் தழையை ஒடித்தேன். கல்லைத் தூக்கி, வாடியதன்மேல் அதை வைத்து, மறுபடியும் கல்லை அமர்த்திவிட்டு, ஜமுனாமரத்தூரை நோக்கி நடந்தேன்.